மருந்தை நிறுத்திய மாசம்

தாயில்பட்டியில் ஆனிமாசக் காற்று கரிசல் தூசியை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், குளித்துவிட்டு ஈரச் சேலையைப் பிழியும்போதுதான் குருவம்மாள் அதைப் பார்த்தாள். இடது முழங்கைக்குக் கீழே, நாவல்பழத் தோல் நிறத்தில் ஒரு தடிப்பு. அழுத்தினால் வலிக்கவில்லை. அரிக்கவும் இல்லை. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று தேங்காயெண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டு, வேனுக்கு நேரமாகிவிட்டதென்று சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனி ஊருக்குக் கிழக்கே காட்டுக்குள் இருந்தது. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவே வெறும் வெளியும் வேப்பமரமும். சரவெடி பின்னுவது அவள் வேலை. மருந்து அடைத்துத் திரி செருகி வரும் வெடிகளை இரண்டு பக்கமும் வைத்து, நடுத்திரியோடு சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். கண் வேறெங்கோ இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், விரல் பாட்டுக்குப் பின்னும். குருவம்மாளும் இருளம்மாளும் ஒரே வருசத்தில் ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். கம்பெனியிலும் பக்கத்துப் பக்கத்து இடம். இருளம்மாள் ஒரு சரம் முடிப்பதற்குள் குருவம்மாள் அடுத்த சரத்தில் பாதி போயிருப்பாள்.

தடிப்பு பத்துப் பன்னிரண்டு நாளில் நடுவில் வெடித்துப் புண்ணாகியது. ஓரம் தடித்து, நடுவில் கருப்பாகப் பொருக்குத் தட்டியது. பொருக்கை எடுத்தால் அடியில் குழி.

"மருந்து பட்ட புண்ணுதான்" என்றாள் இருளம்மாள். அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். உடம்புக்கு எடுப்பதை மாத்திரை என்பார்கள், ஊசி என்பார்கள். "போன வருசம் எனக்குக் கழுத்துல வந்துச்சுல்ல. மஞ்சள அரைச்சுப் பூசு."

"ஒனக்கு ஒரு வாரத்துல ஆறிருச்சே. இது நாளுக்கு நாள் உள்ள போகுதுடி."

"சுகரு இருக்கா பாத்தியா?"

பார்த்தாள். சிவகாசியில் ஊசி போடுகிற டாக்டர் சர்க்கரை இல்லை என்றார். களிம்பு கொடுத்தார். ஒரு வாரம் ஊசி போட்டார். ஆடி பிறந்தபோது வலது காலின் கெண்டைச் சதையில் அதே நாவல்பழ நிறத்தில் இன்னொன்று கிளம்பியிருந்தது. அதற்கு மேலே, பட்டாணி அளவில், இன்னும் ஒன்று.

சீசன் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வடக்கே இருந்து ஆர்டர் மேல் ஆர்டர். குருவம்மாள் கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது துணியைத் தேடி ஈ வந்தது. முதல் நாள் விரட்டினாள். மறுநாள் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாக வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இருளம்மாள் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் தூக்கைத் திறந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றிவிடுகிற நர்ஸ் கிருபாதான் கடைசியில் பிடிவாதம் பிடித்தாள். சாயர்புரம் பக்கத்துப் பெண். அதட்டிப் பேசுவாள், ஆனால் கட்டுப் பிரிக்கும்போது அவள் கை பூப்போல இருக்கும்.

"அக்கா, எத்தன வருசமா புண்ணு பாக்கேன். இது புண்ணு மாதிரி இல்ல. ஓரம் பாருங்க, கல்லு கணக்கா இருக்கு. நாளைக்கே மதுரைக்குப் போங்க. ஒரு துண்டு வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"சீசன் முடியட்டும் தாயி."

"சீசன் அடுத்த வருசமும் வரும்" என்றாள் கிருபா. அன்றைக்கு ராத்திரியே குருவம்மாள் புருசனிடம் விசயத்தைச் சொன்னாள்.

மதுரைக்கு அவளும் புருசன் சங்கிலிமுத்துவும் போனார்கள். அவன் சிவகாசி லாரி செட்டில் லோடுமேன். பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவன் ஆகையால் எதையும் வேகமாகக் கீழே வைக்க மாட்டான், வார்த்தையைக்கூட. ஒரே மகள் பாண்டிச்செல்வி காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டு எட்டு மாசமாக இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. பஸ் காரியாபட்டியில் நின்றபோது இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காலில் மரக்க ஊசி போட்டு, சுண்டைக்காய் அளவு சதை எடுத்தார்கள். "ரிசல்ட் வரட்டும்" என்றார்கள். வந்தது. அதைப் படித்த இளவட்ட டாக்டர் நிமிர்ந்து சங்கிலிமுத்துவைப் பார்த்தான். பிறகு குருவம்மாளைப் பார்த்தான்.

"ரத்தத்துல வெள்ள அணுன்னு இருக்கும்மா. அது கெட்டுப்போயி தோலுக்கடியில கட்டி கட்டியா கூடியிருக்கு. லிம்போமான்னு சொல்லுவோம்."

"அப்படின்னா?" என்றான் சங்கிலிமுத்து.

"புத்துநோய்ல ஒரு வகை."

குருவம்மாள் காலைத் தூக்கி ஸ்டூலுக்கு மேல் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுல பல வகை இருக்கு. சிலது ஒரு கிருமியால வரும். அந்தக் கிருமி இருக்கான்னு பாக்க சதைய சென்னைக்கு அனுப்பியிருக்கோம். அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் இன்னொரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்." அவன் குரலைத் தாழ்த்தி அந்த டெஸ்டின் பெயரைச் சொன்னான்.

சுவரெல்லாம் சிவப்பு ரிப்பன் படம் ஒட்டியிருந்த காலம் அது. டீக்கடையில் இருப்பவர்கள்கூட அந்த மூன்று எழுத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது குருவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"லாரி கூட நாக்பூரு வரைக்கும் போனீகளே, ரெண்டு மூணு தடவ."

"போனேன்."

"கேக்கணும்னு கேக்கல."

"கேளு. அதுக்கென்ன" என்றான் அவன். "லோடு எறக்கிட்டு லாரிக்கடியில படுத்துத் தூங்குனேன். வேற ஒரு எளவும் தெரியாது. நம்புனா நம்பு."

அவள் நம்பினாள். ஆனாலும் முடிவு வரும்வரை வீட்டில் அவன் குடித்த டம்ளரை அவளும், அவள் குடித்த டம்ளரை அவனும் தொடாமலே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு சங்கிலிமுத்து அவள் பாதி குடித்து வைத்த காபியை எடுத்து மடமடவென்று குடித்தான்.

சென்னையிலிருந்து சேதி வந்தபோது ஆடி முடியப்போகிறது. கிருமி இருந்தது. அந்த மூன்று எழுத்து இல்லை; இன்னொரு கிருமி, வேறு பெயர். கேன்சர் வார்டு டாக்டர் படுக்கை போட்டு ஊசி மருந்து ஏற்றுவதற்குத் தேதி கொடுத்துவிட்டார். முடி கொட்டும், வாந்தி வரும், பயப்படாதீர்கள் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அட்மிஷனுக்கு முன்னால் தோல் பிரிவின் பெரிய டாக்டரம்மாவிடம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

டாக்டர் லட்சுமிகாந்தம் அறுபதை நெருங்குகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணால் புண்ணுக்கு மிகப் பக்கத்தில் குனிந்து பார்ப்பார். கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். இல்லை. பிறகு புண்ணுள்ள கையைத் திருப்பி மேசையில் வைத்தவர், விரல்களைப் பார்த்து நின்றுவிட்டார். நான்கு விரலும் சுண்டுவிரல் பக்கமாக, காற்றில் சாய்ந்த சோளத்தட்டை போல ஒருச்சாய்ந்திருந்தன.

"இது எப்ப இருந்து?"

"அது சரவாங்கிம்மா, மூட்டு மூட்டா வலிக்கும். அஞ்சாறு வருசமா இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"சம்பந்தம் நான் பாத்துக்கறேன். இந்த விரலோட எப்படி வேலைக்குப் போறீங்க?"

"மாத்திர போட்டா ஒண்ணும் செய்யாது. இங்கனதான் எளுதிக்குடுத்தாக, அப்ப. சின்ன மஞ்ச மாத்திர. ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம. அப்பறம் இம்புட்டுத் தொலவு எதுக்குன்னு, காலி அட்டயக் காட்டி சிவகாசியிலயே வாங்கிக்கிடுதேன்."

டாக்டரம்மா உட்கார்ந்தார். "ரத்தம் கித்தம் சோதிச்சாங்களா நடுவுல?"

"இல்ல."

"ஏம்மா, எந்த மாத்திரை சாப்பிடறீங்கன்னு எங்க ஆளுங்க கேக்கவே இல்லையா?"

"சுகரு, பிரசருக்கு எடுக்கீகளான்னு கேட்டாக. அது எனக்கு இல்ல. அத இல்லைன்னுதான் சொன்னேன்."

டாக்டரம்மா இளவட்ட டாக்டரைப் பார்த்தார். அவன் தலை குனிந்தது. அவர் குருவம்மாளிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக விளங்கச் சொன்னார்.

"இந்தக் கிருமி ஒங்களுக்கு மட்டும் இல்ல. எனக்கும் இருக்கு, ஒங்க வீட்டுக்காரருக்கும் இருக்கும். சின்னப் பிள்ளையில காய்ச்சல் மாதிரி வந்துட்டு, அப்புறம் ஒடம்புக்குள்ளயே ஒரு மூலையில படுத்துக்கிடும். ஒடம்புல காவல் இருக்கறதால எந்திரிக்காது. மூட்டு வலி எதனால? அந்தக் காவலே கிறுக்குப் பிடிச்சு ஒங்க மூட்டையே அடிக்குது. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. நல்ல மாத்திரைதான். லட்சம் பேர் சாப்பிடறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல. எங்கயோ ஒருத்தருக்குக் காவல் ரொம்பவே அடங்கிப்போய், படுத்திருந்த கிருமி எந்திரிச்சிடும். அப்ப வர்ற கட்டி இது. மாத்திரையை நிறுத்தினா தானா வத்திப்போகவும் வாய்ப்பிருக்கு."

"வாய்ப்புன்னா... கட்டாயம் இல்லையா?" என்றான் சங்கிலிமுத்து.

"கட்டாயம்னு சொல்ல மாட்டேன். இதே மாதிரி ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். ஒருத்தருக்கு முழுசா போச்சு. இன்னொருத்தருக்குப் போகல, ஊசி மருந்துதான் ஏத்த வேண்டியதாச்சு."

அங்கிருந்தே கேன்சர் வார்டுக்குப் போன் போட்டார். இங்கிலீஷில் கொஞ்ச நேரம் வாதாடினார். ஒரு மாசம் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார்கள். வளர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். வலிக்கு மட்டும் ஒரு வெள்ளை மாத்திரை. மஞ்சள் மாத்திரையைத் தொடக் கூடாது.

பஸ்ஸில் திரும்பும்போது காரியாபட்டியைத் தாண்டியதும் சங்கிலிமுத்து சொன்னான்: "புத்துநோயின்னு சொல்லுதாக. மாத்திரய நிறுத்து, அதான் வைத்தியமுங்காக. இப்படி எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

அவள் கேட்டதில்லை.

முதல் ஞாயிறு மாத்திரை இல்லாமல் போனது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஞாயிறு கழிந்து காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. முறத்தை எடுத்தாள், நழுவி விழுந்தது. மூன்றாவது வாரத்தில் மணிக்கட்டு வெந்நீரில் போட்ட கிழங்கு மாதிரி வீங்கியது. சேலைக் கொசுவத்தைச் செருக முடியவில்லை. விடிந்ததும் இருளம்மாள் வந்து சேலை கட்டிவிட்டுத்தான் வேனுக்கு ஓடினாள். சங்கிலிமுத்து உலை வைத்தான். புளியைக் கரைத்து ஊற்றுவதில் அவனுக்கு அளவே தெரியாது. வாய் கூசும் அந்தக் குழம்பை அவளும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஊருக்குள் விசயம் தெரிந்துபோயிற்று. மேலக்கோட்டையிலிருந்து அவள் அண்ணன் கருத்தப்பாண்டி சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஆரம்பித்தான்.

"மாப்ள, ஒங்களுக்குப் புத்தி இருக்கா? பெரிய டாக்டரு படுக்கைக்குத் தேதி குடுத்திருக்காரு. அத விட்டுப்போட்டு, மாத்திரய நிப்பாட்டச் சொன்னாகளாம், நிப்பாட்டிட்டு ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கீகளாம்."

"அவுகளும் பெரிய டாக்டருதான மச்சான்."

"நம்மகிட்ட காசு இல்ல, சீக்கு முத்திப்போச்சு, வீட்டுல கெடந்து சாவட்டும்னு நயமாச் சொல்லி அனுப்பிருக்காக. இது வெளங்கலையா ஒங்களுக்கு? செவல்பட்டியில எங்க சின்ன மதினிக்கு இப்படித்தான் சொன்னாக. மாத்திரையெல்லாம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாக. எட்டாம் நாளு எடுத்தோம்."

சங்கிலிமுத்து முகம் செத்துப்போயிற்று. அந்த எண்ணம் அவனுக்கும் வந்திருக்கிறது என்பதைக் குருவம்மாள் அப்போதுதான் கண்டுகொண்டாள். அவளுக்கும் வந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்ததை அண்ணன் நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டான்.

"அந்தம்மா அப்படிச் சொல்லல அண்ணே" என்றாள். "வளந்தா அன்னைக்கே ஓடியாங்கன்னு சொல்லுச்சு. சாகப்போறவளுக்கு யாரு அப்படிச் சொல்லுவாக?"

"நாளைக்கிக் கார் பிடிச்சிட்டு வாரேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

"சொன்ன கெடு முடியட்டும்."

"முடியுறதுக்குள்ள நீ முடிஞ்சிருவ" என்று சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் கருத்தப்பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

கிருபாவிடம்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். "தாயி, நீ சொல்லு. என்னயக் கைகழுவித்தான் விட்டுட்டாகளா?"

கிருபா கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நானே போன் போட்டுக் கேட்டேன் அக்கா, அந்த டாக்டரம்மாகிட்ட. கைகழுவுறவுக வாராவாரம் புண்ண அளந்து சொல்லுன்னு என்கிட்டச் சொல்ல மாட்டாக." ஸ்கேலைப் புண்ணின் மேல் பிடித்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "கூடல. கொறஞ்ச மாதிரியும் தெரியல. பொறுங்க. நான் செவத்துக்கிட்டு இருக்கேன்." ஜெபித்துக்கொண்டிருப்பதைத்தான் அவசரத்தில் சிவந்துகொண்டிருப்பதாகக் குழறினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாசத்தில் குருவம்மாள் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம், மழைக்கு மூட்டம் போட்டு வெக்கை அவித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நாளில் கம்பெனிக்காரர்கள் வானத்தைப் பார்த்து இடி மின்னலுக்குப் பயப்படுவார்கள். குருவம்மாளுக்கு மூட்டெல்லாம் ஊசியால் குத்தியது. வலி பொறுக்காமல் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். முனகக் கூடாது என்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலிமுத்து வேலையிலிருந்து பாதியில் வந்தான். அடுப்படிக்குள் போய் ஏதோ உருட்டினான். திரும்பி வந்தவன் கையில் செம்புத் தண்ணீரும், உள்ளங்கையில் மஞ்சள் மாத்திரையும் இருந்தன.

"எங்கன இருந்து எடுத்தீக?"

"கடையில வாங்குனேன்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஒண்ணே ஒண்ணு போடு. ஒரு நாளைக்காச்சும் தூங்கு. நாளைக்கி ஒன் அண்ணன் கூட மதுரைக்குப் போயி ஊசிய ஏத்திக்கிடுவோம். எப்படியும் அதான் நடக்கப்போகுது. நீ துணியக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கிறத என்னால பாக்க முடியல."

அவள் அந்த மாத்திரையைப் பார்த்தாள். அது தொண்டையில் இறங்கினால் இரண்டொரு வாரத்தில் விரல் மடங்கும், முறம் பிடிக்கலாம், சீசன் கடைசியிலாவது வேனில் ஏறலாம் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. கை தன்னால் நீண்டது. நீண்ட கையில் கட்டு இருந்தது.

"இங்கன வந்து உக்காருங்க" என்றாள். "காலையில இருந்து நான் இங்கனதான் கெடக்கேன். கட்டக் கொஞ்சம் பிரிங்க."

"எதுக்கு?"

"பிரிங்க சொல்லுதேன்."

அவன் பிரித்தான். அவள் கையைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் அவன் வைத்திருந்த சோற்றுத் தூக்கின் மேல் ஈக்கள் கூடிக் கூடிப் பறந்தன. ஒன்று எழுந்து உள்ளே வந்தது. அவள் மடியில் உட்கார்ந்தது. கைக்கு வரவில்லை. எழுந்து வட்டம் போட்டுவிட்டு மறுபடி தூக்குக்கே போய்விட்டது.

"நாலு நாளா ஈ வரல" என்றாள் குருவம்மாள். "வாடையும் இல்ல. மோந்து பாருங்க. வெளிய சொன்னா கண்ணு பட்டுருமோன்னு பயந்துக்கிட்டு சொல்லல. ஒருவேள எனக்குத்தான் அப்படித் தோணுதோன்னும் பயம்."

சங்கிலிமுத்து குனிந்து முகர்ந்தான். களிம்பு வாசம் மட்டும் இருந்தது. புண்ணின் ஓரத்தை விரலால் தொட்டான். கல்லாக இருந்த இடம் நசுங்கியது. அவன் மறுபடியும் தொட்டான். பிறகு எழுந்து போய் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, மழை இறங்கியும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

கெடு நாளில் மதுரைக்குப் போனபோது கைப்புண் வெள்ளரி விதை அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலில் இரண்டும் வற்றி, கருந்தழும்பாகக் கிடந்தன. டாக்டர் லட்சுமிகாந்தம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து இளவட்ட டாக்டர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"இப்போதைக்கு ஊசி மருந்து வேண்டாம். ஆனா இது முடிஞ்சதுன்னு நெனைச்சுடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும். திரும்ப வரலாம், வராமலே போகலாம்."

"இந்தக் கைக்கு, தாயி?"

"அந்த மாத்திரை இனிமே ஆயுசுக்கும் ஆகாது. வேற தர்றேன். வீக்கம் வத்தும். வலி கொறையும்." அவர் அவள் விரல்களைத் தன் கைக்குள் வைத்து மெதுவாக மடக்கிப் பார்த்தார். பாதியில் நின்றன. "பழைய வேகம் வராதும்மா. பொய் சொல்ல விரும்பல."

திரும்பும் வழியில் காரியாபட்டியில் இறங்கினார்கள். பாண்டிச்செல்வி பிள்ளை பெற்றுப் பத்து நாளாகியிருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு அழுதாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லல" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி கழிந்து, கம்பெனி லீவு விட்டு, மறுபடி கார்த்திகையில் திறந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் இருளம்மாள் நேரே குருவம்மாள் வீட்டுக்கு வந்தாள். கழுத்திலும் கையிலும் அலுமினியப் பொடி மினுங்கியது.

"போர்மேன் கேட்டாரு. ஒன் எடம் சும்மாத்தான் கெடக்கு. யாரும் உக்காரல. ஒனக்குத்தான் ஒண்ணுமில்லேன்னு ஆயிருச்சே, எப்ப வாற?"

குருவம்மாள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். வீக்கம் வற்றியிருந்தது. வலியும் முன்னளவு இல்லை. காலையில் ஒரு நூல்கண்டை எடுத்து யாருக்கும் தெரியாமல் முடிச்சுப் போட்டுப் பார்த்திருந்தாள். ஒரு முடிச்சுக்கு ஒரு பானை உலை கொதித்துவிடும் போல இருந்தது.

"வேற ஆளப் போடச் சொல்லு" என்றாள்.

"ஏன்டி, பொறுத்துப் பாப்போம். தை வரைக்கும்..."

"பொறுத்துப் பாத்தாச்சு இருளு. வேற ஆளு உக்காரட்டும். நான் வேற ஏதாச்சும் பாக்குதேன். லேபிள் ஒட்டுறதோ, பெட்டி எண்ணுறதோ. போர்மேன்கிட்ட கேட்டு வையி."

இருளம்மாள் கூடவே உட்கார்ந்திருந்தாள். தெருவில் அடுப்புப் புகை இறங்க ஆரம்பித்தது. அழுகை வரும் என்று குருவம்மாள் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதில் பசித்தது. ஆனியிலிருந்து கண்டறியாத பசி.

"ஒங்க வீட்டுல இன்னைக்கி என்ன கொளம்பு?"

"கருவாட்டுக் கொளம்பு. காலையில வச்சது."

புண்ணுக்கு ஆகாதென்று இத்தனை மாசமும் கருவாட்டை அவள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

"ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொண்டா."

இருளம்மாள் போய்க் கொண்டுவந்தாள். வேலை முடிந்து வந்திருந்த சங்கிலிமுத்து சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பிசைந்து உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். போன மாசமெல்லாம் அப்படித்தான் ஊட்டியிருந்தான்.

குருவம்மாள் அவன் மணிக்கட்டைப் புறங்கையால் தள்ளினாள்.

"அந்தக் கரண்டிய எடுங்க. நானே அள்ளித் திங்கேன்."

அவன் எடுத்துக் கொடுத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கரண்டியை இடுக்கிக்கொண்டு அவள் குனிந்தாள். முதல் வாயில் பாதி சிந்தியது. இரண்டாவது வாய் சிந்தவில்லை.